கிஹாதாவின் பெண்டாட்டி

எங்கள் மில்லில் அவர் பேரைச் சரியாகச் சொன்ன ஆள் ஒருவரும் கிடையாது. மேனேஜர் துரை 'ஜோக்வின் க்விஜாடா' என்பார். வெள்ளைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஹெட் கிளார்க்கும் அதையே சொல்லுவார். பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கும். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓட்டுகிறவர்களுக்கும், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பெண்களுக்கும் அவர் சோக்கான் துரை. பிறகு அதுவும் நீளம் என்று வெறும் சோக்கான் ஆக்கிவிட்டார்கள்.

நான் தங்கசாமி, மெஷின்களைப் பூட்டிப் பழுது பார்க்கிற பிட்டர். மேட்டூர் மின்சாரம் வந்து, சேலத்துக்கு மேற்கே அந்த நூல் மில்லைக் கட்டின நாளிலிருந்து அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். சாயங்காலம் சங்கு ஊதினதும் மில் மைதானத்தில் அவரோடு பந்து விளையாடினேன். அவர் முன்னால் ஓடுவார், நான் பின்னால் நின்று தடுப்பேன். அவ்வளவு பழகியும் அவர் பேர் என் வாயில் ஒழுங்காக வர வருஷக்கணக்கில் ஆயிற்று.

ஹொவாக்கீன் கிஹாதா. இப்படித்தான் சொல்ல வேண்டும். அந்த கிஹாதாவின் நடுவில் ஒரு சத்தம் இருக்கிறதே, அது ஒன்றும் நமக்குத் தெரியாத சத்தம் இல்லை. மகன், முகம் என்று நாம் சொல்லும்போது நடுவில் தொண்டையை உரசிக்கொண்டு வருகிறது பாருங்கள், அதையே கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும். கடைசியில் வரும் 'தா' நம்முடைய 'தா'வேதான். இங்கிலீஷ்காரனுக்குத்தான் அது வராது. நமக்கு வரும். ஆனால் நாம் இங்கிலீஷ்காரன் சொன்னதைத்தான் சொல்லுவோம்.

அவர் ஸ்பெயின் தேசத்துக்காரர். பார்சிலோனா என்று ஒரு பட்டணம், அங்கே நூல் மில்கள் அதிகம். அவருடைய அப்பா மில் தொழிலாளி. இவர் பையனாக இருந்தபோதே நன்றாகப் பந்து உதைத்ததால் ஒரு கிளப்பில் சேர்த்துக்கொண்டு அதற்கே சம்பளம் கொடுத்தார்களாம். இதை நான் ஜலகண்டாபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்த என் அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஒதைக்கறதுக்குக் கூலியா? இங்க ஒதை வாங்கறவனுக்கே ஒருத்தனும் கூலி குடுக்கறதில்லியே" என்றார்.

பிறகு ஒரு ஆட்டத்தில் அவர் முழங்கால் போய்விட்டது. கிளப் கைவிட்டது. மறுபடி மில்லுக்கே போய் மெக்கானிக் ஆனார். அங்கே சண்டை மூண்டதும் கப்பலேறி, எங்கெங்கேயோ சுற்றி, மதராஸுக்கு வந்து சேர்ந்தவரை எங்கள் மேனேஜர் பிடித்துக்கொண்டு வந்தார். மெஷினுக்கு ஒரு மெக்கானிக் வேண்டும் என்பது பாதிக் காரணம். ரயில்வேக்காரர்கள் டீமை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டும் என்பது மீதிக் காரணம்.

தோற்கடித்தோம். அவர் நொண்டிக்கொண்டே ஆடி மூன்று கோல் போட்டார். மேனேஜர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "ஜோக்வின் க்விஜாடா!" என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். இவர் திரும்பியே பார்க்கவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திமிர் பிடித்தவன் என்று மேனேஜர் அன்றைக்கு நினைத்தது கடைசிவரை மாறவில்லை.

"கூப்பிடறாங்களே, கை தூக்கக்கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"அது வேற ஆள்" என்றார். அவர் தமிழ் துண்டு துண்டாகத்தான் வரும், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவார். "எங்க ஊர்லே, ஞாயித்துக்கிழமை, ஆயிரம் ஆயிரம் பேர். எல்லாரும் என் பேர் சொல்லும். சொன்னா கால் தானா ஓடும். முட்டி ஒடஞ்சுது. அப்புறம் யாரும் சொல்லலே. பந்துக்காரனுக்கு அதுதான் சாவு, தங்கசாமி. இங்கே வந்தேன். இங்கே வேற யாரோ பேர் சொல்றாங்க."

அன்றைக்குத்தான் நான் அந்தப் பேரைப் பழக ஆரம்பித்தேன். மெஷினுக்கு எண்ணெய் விடும்போது சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டிச் சிரிப்பார்.

மயிலம்மாள் ரீலிங்கில் வேலை செய்தாள். ஊர் மல்லசமுத்திரம் பக்கம். மழை பொய்த்து இரண்டு வருஷம் கிணறெல்லாம் வற்றிக் காய்ந்தபோது, கல்யாணத்துக்கு நின்ற பெண்ணை அவள் அண்ணன் சென்னியப்பன்தான் ஒரு அத்தையோடு மில்லுக்கு அனுப்பிவைத்தார். மில் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டிருந்த லைன் வீட்டில் இருந்தாள். கிஹாதா வயிற்றுக்கடுப்பில் பத்து நாள் படுத்துக் கிடந்தபோது, மேனேஜர் பங்களாவிலிருந்து சூப் வந்தது. அதைக் குடித்து இன்னும் மோசமானார். மயிலம்மாள் மோரும் கம்மங்கூழும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மில்லில் எல்லாரும் பார்க்கத்தான் வைத்தாள். அவர் எழுந்து நடந்ததும் நேராக அத்தையிடம் போய்ப் பெண் கேட்டார்.

அத்தைக்குப் பயம். சென்னியப்பனுக்கு ஆள் அனுப்பினாள். 'அப்பிடியொருத்தி எனக்கில்ல' என்று பதில் வந்தது. மில்லுக்குப் பின்னாலிருந்த மாரியம்மன் கோயிலில் வைத்து கிஹாதா அவளுக்குத் தாலி கட்டினார். பூசாரி வரமாட்டேன் என்று ஒதுங்கிப் போய்விட்டதால், நான் கடையில் வாங்கி வந்த மஞ்சள் கயிற்றை அம்மன் காலடியில் வைத்து, அவரே எடுத்துக் கட்டினார். மூன்று முடிச்சும் அவரே போட்டார். அவிழாமல் போட்டார், மெக்கானிக் இல்லையா.

லைன் வீட்டுப் பெண்கள் அவளைப் பெண்டாட்டி என்று ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடம் வைத்தால் ஜாடை பேசுவார்கள். அவள் வாயே திறக்கமாட்டாள். ஆனால் ஒரு பெண்டாட்டி எதையெல்லாம் செய்ய வேண்டும், எதையெல்லாம் செய்யக் கூடாது என்று எங்கள் பக்கம் இருக்கிறதோ அத்தனையையும் அவர்களைவிடக் கறாராக அவள் செய்தாள். அவர் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். செவ்வாய் வெள்ளி தலைக்கு ஊற்றிக்கொண்டு அம்மனுக்கு விளக்கு வைப்பாள். புருஷன் பேரைச் சொல்லவே மாட்டாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். என் அம்மா என் அப்பா பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மளிகைக் கடையில் அந்தப் பேரில் ஒரு சாமான் இருந்தால் அதைக்கூடக் கை காட்டித்தான் வாங்குவார்கள். மயிலம்மாளுக்கு அது வெறும் வழக்கமாக இருக்கவில்லை. நீ அவனுக்குப் பெண்டாட்டி இல்லை என்று ஊரும் உறவும் சொன்னதற்கு அவள் வைத்திருந்த பதில் அது ஒன்றுதான்.

இது அவருக்குப் புரியவில்லை. "என் பேர் சொல்லு" என்று கேட்பார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு வரவில்லை போல என்று பாடம் சொல்லிக்கொடுக்கக்கூட ஆரம்பித்தார். ஒருநாள் ரிங் பிரேமுக்கு அடியில் படுத்தபடி, மனம் விட்டு என்னிடம் சொன்னார்: "ஊர் முழுக்கத் தப்புப் பேர். வீட்டுக்குப் போனா, பேரே இல்லே."

நான் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே நகர்ந்து வந்து உட்கார்ந்தார். "அப்போ, சொல்லாம இருக்கறது... என்னைக் காப்பாத்தவா?" என்றார். ஆமாம் என்றேன். "காப்பாத்தட்டும்" என்றார். ஆனால் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பொய் சொல்லக் கூடாது.

பெண் குழந்தை பிறந்தது. ரோசா என்று வைத்தார். அவர் ஊரிலும் அது பேர், நம் ஊரிலும் அது பேர். அந்த ஒரு பேரை மட்டும் மேனேஜர், ஹெட் கிளார்க், லைன் வீட்டுப் பெண்கள் எல்லாருமே சரியாகச் சொன்னார்கள். குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அவர் தன் பேரைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் நான் மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுக்கப் போனபோது, குழந்தை வாசலில் உட்கார்ந்து, "கிகாடா, கிகாடா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த மயிலம்மாள், "அப்பிடியில்ல சாமி. நடுவால தொண்டையில இருந்து வரோணும். கடைசியில நாக்கப் பல்லுல வெய்யி" என்றாள். குழந்தை மறுபடி சொன்னது. "இன்னும் சித்த அழுத்தி" என்றாள். மூன்றாவது தடவை குழந்தை அச்சாகச் சொன்னது. அவள் வாயிலிருந்து அந்தப் பேர் ஒரு தடவையும் வரவில்லை.

கிஹாதா அதைக் குழாயடியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அவளுக்குத் தெரியும், தன் பேர் முழுசாக, துல்லியமாகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை.

ரோசாவுக்கு நாலு வயது நடக்கும்போது அவரை விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. யுத்த காலம், மருந்து கிடைக்கவில்லை. மில் காம்பவுண்டின் மூலையில் புதைத்தார்கள். குழி ஓரத்தில் நின்று மேனேஜர் புத்தகத்தைப் பார்த்து ஜெபம் வாசித்தார். 'ஜோக்வின் க்விஜாடா'வை ஆண்டவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆண்டவர் யாரைத் தேடினாரோ தெரியவில்லை. மயிலம்மாள் கொஞ்சம் தள்ளி, ஆண்கள் போன பிறகு மண் போடலாம் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

மாதம் முடியவில்லை. ஏற்காட்டு மலையில் வெள்ளைக்கார அனாதைக் குழந்தைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. மேனேஜருடைய சம்சாரம் அதற்குக் கமிட்டி மெம்பர். ரோசா அப்பன் நிறம். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று கூலி லைனில் வளர்வது கம்பெனிக்குக் கேவலம் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் காலையில் பங்களா ஆயா வந்து, குழந்தைக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனாள். திருப்பி அனுப்பவில்லை. மயிலம்மாள் பங்களா கேட்டில் போய் உட்கார்ந்தாள். சாப்பிடாமல் அங்கேயே கிடந்தாள். நாங்கள் சில பேர் வேலைக்குப் போகாமல் அவளோடு உட்கார்ந்த பிறகுதான், விசாரணைக்கு ஒரு சர்க்கார் துரையை வரவழைப்பதாக மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எங்கண்ணன வரச் சொல்லுங்ணா. பொறந்தவன் வந்து நின்னா ஒரு வார்த்தை யாரும் எதுத்துப் பேச முடியாது."

நான் மல்லசமுத்திரம் போனேன். சென்னியப்பன் கடலைக்காட்டில் களையெடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிற மனுஷர். நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டார். கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் வைத்திருப்பதாகச் சொன்னார். பெண் கேட்டு வருகிறவர்கள் தங்கச்சியைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்றார். கடைசியில், "வாரேன்னு சொல்லுங்க" என்றார். எனக்கு அப்போதே ஏதோ நெருடியது. ஆனால் மயிலம்மாளிடம் போய், அண்ணன் வருகிறார் என்று சொன்னபோது அவள் முகம் எப்படி ஆயிற்று என்று பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் கேட்டை விட்டு எழுந்து போய்க் கஞ்சி குடித்தாள்.

பங்களாவின் முன் அறையில் விசாரணை. வந்திருந்த துரை சின்ன வயசுக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை ஹெட் கிளார்க் தமிழில் சொன்னார். மயிலம்மாள் இறந்துபோனவருக்குத் தாலி கட்டின மனைவி என்றால் குழந்தை அவளோடு போகும். வீட்டு வேலைக்கு வைத்திருந்தவள் என்றால், குழந்தை அப்பனில்லாத ஐரோப்பியக் குழந்தை; விடுதிக்குப் போகும். சட்டம் நிஜமாகவே அப்படியா என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் அதுதான் சட்டம். பத்து மாதம் சுமந்து பெற்றவள் அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

நான் கோயிலில் நடந்ததைச் சொன்னேன். மேனேஜர், "இவன் செத்தவனுடைய பந்தாட்டக் கூட்டாளி" என்றார். பூசாரியைக் கேட்டார்கள். தான் அந்த இடத்திலேயே இல்லை என்றான், அது உண்மைதானே. அத்தை செத்துப்போயிருந்தாள். மற்றவர்கள் மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாதுங்க என்றார்கள். சென்னியப்பனைக் கேட்டார்கள். "நாங்க ஊர்ல இருக்கறவிங்க. இங்க நடந்தது எனக்குத் தெரியாதுங்க" என்றார். மயிலம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை, பேசுவார் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது.

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். "வேலைக்காரிக்கு எஜமான் வெறும் துரைதான். மனைவிக்குத்தான் முழுப்பேர் தெரியும். இவள் புருஷன் முழுப்பேரைச் சொல்லட்டும்."

ஹெட் கிளார்க் அதைத் தமிழில் சொன்னார். மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாது. தெரிந்தால்தானே சொல்லுவாள்" என்றார் மேனேஜர்.

நான் எழுந்து, "நான் சொல்றனுங்க" என்றேன். உட்கார் என்றார்கள். அவள் ஏன் பேசவில்லை என்று துரை கேட்டார். ஹெட் கிளார்க் விளக்கினார். இந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள், செத்த பிறகும் சொல்ல மாட்டார்கள், கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நன்றாகத்தான் விளக்கினார். அவர் வீட்டிலும் அப்படித்தான். துரை கேட்டுக்கொண்டு, "அடுத்தவர் எடுத்துக் கொடுத்தால் அதில் என்ன நிரூபணம்? என் கையில் இருக்கிற சட்டத்துக்கு அந்த வழக்கம் தெரியாது. சொன்னால்தான் நான் எழுத முடியும்" என்றார்.

மயிலம்மாள் அண்ணனைப் பார்த்தாள். சென்னியப்பன் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து உள் அறையில் ரோசா, "அம்மா எங்க? அம்மா வந்திருச்சா?" என்று ஆயாவிடம் கேட்பது கேட்டது. கதவு சாத்தியிருந்தது.

மயிலம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்தவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

"ஹொவாக்கீன் கிஹாதா" என்றாள்.

நான் அந்தப் பேரை வருஷக்கணக்காகப் பழகினவன். என் வாயில் கடைசிவரை வராத ஏதோ ஒன்று அதில் இருந்தது. அவரே தன்னைச் சொல்லிக்கொள்வாரே, அதே இழுவை, அதே உரசல். நொண்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கின மனுஷன் கண்ணெதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. ஆயிரமாயிரம் பேர் கத்தின பேர், இந்த ஒரு வாயிலிருந்து வராதா என்று அவர் ஏங்கிக் கிடந்தார். வந்தது. கேட்க அவர் இல்லை.

துரை கையிலிருந்த, செத்தவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். அப்பா பேரையும் அம்மா பேரையும் சேர்த்துச் சொல்வது அந்த நாட்டு வழக்கமாம். கிஹாதாவின் அம்மா வழிப் பேரையும் சேர்த்து, கேட்காமலே சொன்னாள். "இதை இப்படியா சொல்வது? நாம் இத்தனை நாள் தப்பாகச் சொல்லிவந்தோமே" என்று துரை மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். மேனேஜருக்கு முகம் கறுத்துப்போயிற்று. துரை பேனாவைத் திறந்தார். ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

எழுதுவதற்கு முன்னால், ஒப்புக்குக் கேட்கிற மாதிரி, துரை சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "நீ அண்ணன். குடும்பத்துக்காரன். உங்கள் வழக்கப்படி இவள் அவருக்கு மனைவிதானே?"

சென்னியப்பன் எழுந்து, மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். குரல் உயரவே இல்லை. "எங்க சனத்துல, தாலி கட்டினவன் பேரக் கழுத்த அறுத்தாலும் பொம்பள சொல்ல மாட்டாளுங்க. எங்கம்மா சொன்னதில்ல. என்ற சம்சாரம் சொன்னதில்ல. இவ சொல்லிப்போட்டா. எல்லாரும் கேட்டீங்க. அப்ப இவ கட்டினவ இல்லீங்க. கூலிக்கு இருந்தவ."

ஹெட் கிளார்க் அதை வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். துரை அவரையே கேட்டார், இது சரியா என்று. ஹெட் கிளார்க் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நான் முன்பே தங்களுக்குச் சொன்னதுதான். மனைவியாக இருந்தால் சொல்ல மாட்டாள்" என்றார்.

பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் நின்றபோது வேலைக்காரி. சொன்னபோது பெண்டாட்டி இல்லை. அந்த வாயில் என்ன வந்தாலும், வராமல் போனாலும், அவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் வழி வெள்ளைக்காரனுடையது. இரண்டாவது நம்முடையது.

மயிலம்மாள் ஹெட் கிளார்க்கைப் பார்த்துச் சொன்னாள்: "அவங்க சொல்லச் சொன்னாங்க, சொன்னனுங்க. என்ற புள்ளைக்காவச் சொன்னனுங்க. இல்லாட்டி நான் சொல்லுவனுங்களா? இத அந்தத் தொரைக்குச் சொல்லுங்க சாமி."

ஹெட் கிளார்க் அதை மொழிபெயர்க்கவில்லை. துரை எழுதிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். மறுநாளிலிருந்து எனக்கு மில்லிலும் வேலை இல்லை.

பின்பக்கமாகக் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் குழந்தையை ஏற்றினார்கள். புதுச் சட்டை, கையில் பிஸ்கோத்து. கார் கேட்டைத் தாண்டும்போது ரோசா கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துவிட்டாள். என்ன கூப்பிட்டாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மயிலம்மாள் ரோடு வரைக்கும் ஓடினாள். அதற்குமேல் புழுதிதான் இருந்தது.

சென்னியப்பனுடைய வண்டி புளியமரத்தடியில் நின்றிருந்தது. மாடு பூட்டியிருந்தது. கூண்டு வண்டி, பெண்பிள்ளைகள் உட்கார உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் யோசித்துத்தான் வந்திருக்கிறார். அவள் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அம்மிணி, போனது போச்சு. இனி ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கூலிக்குப் போன பொண்ணு, வேலை முடிஞ்சு திரும்பி வந்துட்டா, அவ்வளவுதான். உனக்கொரு பங்கு இருக்குது, ஊடு இருக்குது. வண்டியில ஏறு."

மனசார நல்லது செய்கிறவர் பேசுகிற மாதிரியேதான் பேசினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் அவளை வெறுத்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

மயிலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை கூடப்பிறந்த மூத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். எத்தனை சண்டை வந்தாலும் கூப்பிட மாட்டாள். அவள் அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"சென்னியப்பா" என்றாள். "வண்டிய ஓட்டிட்டுப் போ."

அவர் கன்னத்தில் அறை வாங்கினவரைப் போல ஒரு அடி பின்னால் போனார். வண்டிக்காரன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

மயிலம்மாள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"தங்கசாமிண்ணா, ஏற்காட்டுக்கு எந்தப் பக்கம் போகோணும்?" என்று கேட்டாள்.

நான் வழி சொன்னேன்.